மாட்டுத் தீவனத்தில் தீத்தடுப்பான்: மிச்சிகன், 1973

1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கறவை மாட்டுத் தீவனத்தில் ஒரு தீத்தடுப்பு ரசாயனம் தவறுதலாகக் கலந்துவிட்டது. கலந்தது என்னவென்று தெரியவருவதற்கு 1974 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் அந்த மாநிலத்தில் பாலும் இறைச்சியும் முட்டையும் சாப்பிட்ட ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் அது ஏறியிருந்தது. அப்போது அங்கே மக்கள்தொகை சுமார் 90 லட்சம்.

இந்த நிகழ்வின் வழக்கு, நஷ்ட ஈடு, அரசியல் பற்றியெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பின்தொடர்கிறேன். ரசாயனத்தை அடையாளம் காண்பதில் போன மாதங்கள், பின்னால் நடந்த மனித உடல்நல ஆய்வுகளை என்ன செய்தன? ஆட்களின் பெயர் இதற்குத் தேவையில்லை. பண்ணையாளர், வேதியியலாளர், நிறுவனம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பின்னணி

ஒரே ரசாயன நிறுவனம் இரண்டு சரக்குகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்று நியூட்ரிமாஸ்டர். இது மக்னீசியம் ஆக்சைடு. பசுவின் செரிமானத்தைச் சீராக்கி, பாலில் கொழுப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளத் தீவனத்தில் சேர்ப்பார்கள். மற்றது ஃபயர்மாஸ்டர். பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள். வேதியியல் வகையில் பாலிபுரோமினேட்டட் பைஃபீனைல், சுருக்கமாக பி.பி.பி. ஃபயர்மாஸ்டரை அரைத்து, கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிலிக்கேட் சேர்த்து, தூளாகவும் விற்றார்கள். தூளாக்கியதும் அது பார்ப்பதற்கு மக்னீசியம் ஆக்சைடைப் போலவே இருந்தது.

வழக்கமாக இரண்டுக்கும் தனித்தனியே அச்சிட்ட பைகள் உண்டு. ஒரு கட்டத்தில் அந்தப் பைகள் தட்டுப்பாடாகிவிட, சாதாரணப் பழுப்புக் காகிதப் பைகளில் பெயரை மட்டும் குறித்து அனுப்பினார்கள். 'மாஸ்டர்' என்று முடியும் இரண்டு பெயர்கள், ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரித் தூள். 50 பவுண்டு எடையுள்ள 10 முதல் 20 பைகள் வரை தீவன ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது பிற்காலக் கணிப்பு. ஆலையில் இருந்தவர்கள் அதை மக்னீசியம் ஆக்சைடு என்று நினைத்தே கலந்தார்கள்.

இந்த ரசாயனம் ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஃபயர்மாஸ்டரில் பாதிக்கு மேல் இருந்தது பி.பி.பி.-153 என்ற ஒரே சேர்மம். இரண்டு பென்சீன் வளையங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று புரோமின் அணுக்கள். கல்லீரல் நொதிகள் இப்படிப்பட்ட வளையத்தை உடைக்க வேண்டுமானால், புரோமின் இல்லாத இரண்டு கார்பன்கள் அடுத்தடுத்து இருப்பது நல்லது. நொதி கைவைக்க அதுதான் இடம். இந்தச் சேர்மத்தில் காலியாக உள்ள இடங்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிரே இருக்கின்றன. நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. உடம்பு அதை உடைக்காது, நீரில் கரைத்து வெளியேற்றவும் முடியாது. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மனித உடம்பில் இது பாதியாகக் குறைய 10 ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று பின்னர் கணக்கிட்டார்கள். உடம்பைவிட்டு அது கணிசமாக வெளியேறும் ஒரே நல்ல வழி பால். பசுவுக்கும் அப்படித்தான், தாய்க்கும் அப்படித்தான்.

முதலில் கண்ணில் பட்டது

1973 செப்டம்பரில் சுமார் 400 மாடுகள் உள்ள ஒரு பண்ணையில் மாடுகள் தீவனத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பின. உண்பது பாதியாகக் குறைந்தது. சில வாரங்களுக்குள் பால் 40 சதவீதம் விழுந்தது. அப்புறம் உடம்பில் மாற்றங்கள் தெரிந்தன. கண்ணில் நீர் வடிந்தது, முடி சடைபிடித்து உதிர்ந்தது, தோல் தடித்தது, ரத்தக்கட்டுகளும் சீழ்க்கட்டிகளும் வந்தன. குளம்புதான் விசித்திரம்: இயல்புக்கு மீறி நீண்டு வளைந்து வளர்ந்தது. அந்தக் குளம்போடு நடக்கும் மாடு ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் எடுத்துவைக்கும். கன்றுகள் செத்துப் பிறந்தன, அல்லது பிறந்து நிலைக்கவில்லை.

மருத்துவர்கள் தெரிந்த நோய்களையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். தொற்று எதுவும் அகப்படவில்லை. பூஞ்சை நச்சு, கன உலோகம், ஊட்டக் குறைவு என்று பட்டியல் நீண்டது. ஒன்றும் பொருந்தவில்லை.

இங்கே ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். 1940களில் அமெரிக்க மாடுகளிடையே 'எக்ஸ் நோய்' என்ற பெயரில் ஒன்று பரவியது. தோல் தடிப்பது, கண்ணில் நீர் வடிவது, மெலிவது, ரத்தத்தில் வைட்டமின் ஏ விழுவது அதன் அடையாளங்கள். காரணம் குளோரினேற்றிய நாப்தலீன் என்று 1950களின் தொடக்கத்தில் தெரியவந்தது. தீவன உருண்டை செய்யும் இயந்திரத்துக்குப் போட்ட மசகு எண்ணெயிலிருந்தும் அது வந்திருந்தது. அதாவது, குளோரின், புரோமின் போன்ற ஆலஜன் ஏறிய வளையச் சேர்மங்கள் தீவனத்தில் கலந்தால் மாட்டின் தோலும் முடியும் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது 20 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவ நூல்களில் இருந்த செய்தி. மிச்சிகன் மாடுகளின் தோற்றத்தை அந்தப் பக்கத்தோடு யாராவது ஒப்பிட்டிருந்தால் தேடல் சீக்கிரம் திசை திரும்பியிருக்கும் என்பது என் ஊகம். நடந்து முடிந்த பிறகு சொல்வது சுலபம் என்பதும் தெரியும்.

பண்ணையாளர் எடுத்த முடிவுகள்

இந்தப் பண்ணையாளர் வேதிப் பொறியியலில் முதுகலை படித்தவர். இந்த நிகழ்வில் நடந்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான். அவருக்கு முதலிலேயே சந்தேகம் விழுந்தது புதிதாக வந்த உருண்டைத் தீவனத்தின் மேல்தான். அவர் எடுத்த முதல் முடிவு அந்தத் தீவனத்தை நிறுத்துவது. மாடுகள் மறுபடி தின்னத் தொடங்கின, ஆனால் பால் பழைய அளவுக்கு வரவில்லை. சாதாரண நச்சு என்றால் நிறுத்தியதும் தேறிவிட வேண்டும். தேறாமல் போனதற்குக் காரணம், நிறுத்தியது வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த வரத்தை மட்டும்தான் என்பது. உடம்புக் கொழுப்பில் சேர்ந்திருந்தது அங்கேயே இருந்தது. மாடு மெலிய மெலிய, கொழுப்பு கரைந்து ரசாயனம் ரத்தத்துக்குத் திரும்பி வந்தது. அன்று இது யாருக்கும் தெரியாது. அதனால் 'தீவனத்தை நிறுத்தியும் தேறவில்லையே, ஆகவே தீவனம் காரணமில்லை' என்று வாதிக்க இடம் கிடைத்தது.

இரண்டாவது முடிவு சோதனை. ஒதுக்கிவைத்த தீவனத்தைச் சில கன்றுகளுக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் கன்றுகள் சாகத் தொடங்கின. சொந்தக் கன்றுகளை வைத்து இப்படிச் செய்வது எந்தப் பண்ணையாளருக்கும் லேசான காரியமல்ல. ஆனால் அதுவரை 'ஏதோ நோய்' என்றிருந்ததை 'இந்தத் தீவனத்தில் ஏதோ இருக்கிறது' என்று மாற்றியது அந்தச் சோதனைதான்.

அரசு ஆய்வகம் ஒன்றில் அதே தீவனத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் செத்தன. மாட்டுத் தீவனம் எலிக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் செத்தன என்று ஒரு விளக்கம் வந்தது. நச்சியலில் ஒப்பீட்டுக் குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதே ஆலையின் பழைய, நல்ல தீவனத்தை இன்னொரு கூண்டு எலிகளுக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தால் அந்த விளக்கத்துக்கு ஒரே நாளில் பதில் கிடைத்திருக்கும்.

ஆய்வகத்தில் நடந்தது

தீவன மாதிரிகள் பல ஆய்வகங்களுக்குப் போயின. எல்லோரும் தேடியது பூச்சிக்கொல்லி. அந்தக் காலத்தில் தீவனத்தில் விஷம் என்றால் டி.டி.டி. குடும்பம்தான் முதலில் நினைவுக்கு வரும். தேடுவதற்கான கருவி வாயு நிறப்பிரிகைக் கருவி, ஆய்வகப் பேச்சில் ஜி.சி.

ஜி.சி.யைப் பார்க்காதவர்களுக்கு: மாதிரியைச் சூடான நீண்ட குழாய்க்குள் செலுத்துவார்கள். உள்ளிருக்கும் சேர்மங்கள் ஒவ்வொன்றும் தன் எடைக்கும் குணத்துக்கும் ஏற்ற வேகத்தில் நகர்ந்து, மறுமுனையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வரும்போதெல்லாம் தாளில் பேனா ஒரு மலைமுகடு போல ஏறி இறங்கும். அதை 'பீக்' என்பார்கள். பூச்சிக்கொல்லிகள் எத்தனை நிமிடத்தில் வரும் என்பது பழகிய சமாச்சாரம். அவை வந்து முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அடுத்த மாதிரியை ஏற்றிவிடுவார்கள். நாள் முழுக்க வரிசையில் மாதிரி காத்திருக்கும்போது யாரும் வெறும் கோட்டை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

ஆறு புரோமின் அணுக்களைச் சுமக்கும் மூலக்கூறு கனமானது. அந்தக் குழாயில் அது நகர்வது மிக மெதுவாக. பூச்சிக்கொல்லிகள் எல்லாம் போய், ஓட்டத்தை நிறுத்தும் நேரத்தில், பி.பி.பி. இன்னும் குழாய்க்குள்ளேயேதான் இருக்கும். ஒவ்வொரு ஆய்வகமும் 'ஒன்றும் இல்லை' என்று உண்மையாகவே எழுதிக் கொடுத்தது.

1974 ஜனவரியில் ஐயோவா மாநிலத்தில் உள்ள தேசிய கால்நடை நோய் மையத்தில் ஓட்டம் நிறுத்தப்படாமல் நீண்டது. மதிய உணவுக்குப் போனவர் கருவியை அப்படியே விட்டுப் போனார் என்றுதான் இதைச் சொல்வது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால், வெறும் கோடாக இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பீக்குகள். எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் பொருந்தாத, மிகத் தாமதமாக வந்த பீக்குகள். ஏதோ இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. என்ன என்பது தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் சரியான ஒப்புமைப் பொருள் இல்லை.

மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் எடைவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் நிறை நிறமாலை எடுத்தபோது புரோமின் இருப்பது தெரிந்தது. புரோமின் தன் முத்திரையை மறைக்காது. இயற்கையில் அதன் இரண்டு ஐசோடோப்புகள் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்) கிட்டத்தட்டச் சரிபாதி அளவில் இருப்பதால், நிறமாலையில் கோடுகள் இரட்டை இரட்டையாக, ஒரு தனி ஒழுங்கில் விழும். 1974 ஏப்ரலில், மேரிலாந்தில் அரசு வேளாண் ஆய்வு மையத்தில் வேலை செய்த ஒருவரிடம் விஷயம் போனது. தற்செயலாக அவர் அதற்கு முன் பி.பி.பி.யைக் கையாண்டவர். அந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. பீக்குகளின் அமைப்பைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தன்னிடம் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டு உறுதி செய்தார். இதைத் தயாரிப்பவர் யார் என்று பண்ணையாளர் கேட்டார். பதிலாக வந்த நிறுவனத்தின் பெயர், தன் தீவனத்துக்கு மக்னீசியம் ஆக்சைடு தந்த அதே நிறுவனத்தின் பெயர் என்பது அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. அதிகாரிகள் தேடிப் போனபோது, ஒரு தீவன ஆலையில் பாதி தீர்ந்த ஃபயர்மாஸ்டர் பை ஒன்று கிடைத்தது.

இந்த ஏழெட்டு மாதத்தில் வெளியே என்ன நடந்தது? மற்றப் பண்ணைகளிலும் மாடுகள் நலிந்தன. நலிந்த மாடுகள் இறைச்சிக்கு விற்கப்பட்டன. பால் பொதுத் தொட்டியில் மற்றப் பாலோடு கலந்தது. செத்த மாடுகளின் கொழுப்பும் எலும்பும் பதப்படுத்தப்பட்டுத் திரும்பவும் தீவனத்துக்குள் வந்தன. ஆலையின் கலவை இயந்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சம், அடுத்தடுத்து அரைத்த கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் இறங்கியது. முதலில் சில பண்ணைகளில் அதிக அளவில் இருந்த ஒன்று, ஒரு மாநிலம் முழுக்கச் சிறு அளவில் விரவிவிட்டது.

அடையாளம் தெரிந்த பிறகு

நடவடிக்கைகள் வேகமாகத்தான் வந்தன, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974 மே மாதம் பண்ணைகள் தனிமைப்படுத்தப்பட்டன. நாளடைவில் 500க்கும் மேற்பட்ட பண்ணைகள். சுமார் 30,000 மாடுகள், 15 லட்சம் கோழிகள், ஆயிரக்கணக்கில் பன்றிகளும் ஆடுகளும் அழிக்கப்பட்டன. ஏறக்குறைய 50 லட்சம் முட்டைகளும் டன் கணக்கில் பாலாடைக்கட்டி, வெண்ணெய், பால்பொடியும் போயின. மாநிலத்தின் வடபகுதியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். நிறுவனம் 1974 இறுதியில் இந்தச் சரக்கைத் தயாரிப்பதை நிறுத்தியது.

வரம்பு எவ்வளவு என்பதில்தான் சண்டை. பாலிலும் இறைச்சியிலும் உள்ள கொழுப்பில் மில்லியனில் 1 பங்கு வரை இருக்கலாம் என்று 1974 மே மாதம் கூட்டரசு நிர்ணயித்தது. நவம்பரில் அது 0.3 ஆனது. அன்றைய கருவிகளால் சந்தேகத்துக்கு இடமின்றி அளந்து காட்டக்கூடிய அளவும் ஏறத்தாழ அதுதான். 1977இல் மாநிலம் தனிச் சட்டம் போட்டு, மந்தையிலிருந்து கழித்து இறைச்சிக்கு அனுப்பும் கறவை மாடுகளுக்கு 0.02 என்று இறக்கியது. மூன்று ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது. நச்சியல் சான்று இந்த மூன்று ஆண்டுகளில் ஐம்பது மடங்கு வளர்ந்துவிடவில்லை. கருவி கூர்மையானது, மக்களின் கோபமும் கூடியது. 0.3க்குக் கொஞ்சம் கீழே இருந்த மாடுகளை வைத்திருந்தவர்கள் நிலைதான் பரிதாபம். மாடு நோயோடு இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் சட்டப்படி அது நல்ல மாடு. அதை விற்க மனமில்லாமல், நஷ்ட ஈடும் கிடைக்காமல், சிலர் தங்கள் மந்தையைத் தாங்களே சுட்டுக் கொன்றார்கள்.

மனிதர்களிடம் போனபோது

1974இல் மாநிலச் சுகாதாரத் துறை முதல் ஆய்வைச் செய்தது. முறை நேரானது, யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். தனிமைப்படுத்தப்பட்ட பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் ஒரு குழு. அதே பகுதியில், தனிமைப்படுத்தப்படாத பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் இன்னொரு குழு. இரு தரப்பின் உடல்நலத்தையும் ஒப்பிட்டார்கள். பெரிய வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தது.

அப்புறம் ரத்த முடிவுகள் வந்தன. 'பாதிக்கப்படாதவர்' என்று எடுத்த குழுவில் சுமார் 70 சதவீதம் பேரின் ரத்தத்தில் பி.பி.பி. இருந்தது.

அந்த ஆய்வின் முடிவை 'பாதிப்பு இல்லை' என்று படிப்பவர்களை இன்றும் பார்க்கலாம். அதில் உண்மையில் இருப்பது, அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் கொஞ்சம் சாப்பிட்டவர்களுக்கும் இடையே, ஓர் ஆண்டுக்குள், கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை என்பது மட்டும். சாப்பிடாதவர்கள் அந்த ஆய்விலேயே இல்லை.

அந்த மாநிலத்துக்குள் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். 1976இல் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். மிச்சிகன் இரண்டு தீபகற்பங்களாகப் பிரிந்த மாநிலம். பண்ணைகளும் மக்களும் நிறைந்த கீழ்ப்பகுதியில் 96 சதவீதத் தாய்மார்களின் பாலில் பி.பி.பி. இருந்தது. ஏரிக்கு அப்பால், தள்ளி இருக்கும் மேல்பகுதியில்கூட 43 சதவீதம். சில ஆண்டு கழித்து மாநிலம் தழுவிய ஆய்வில் கிடைத்த கணக்கு 97 சதவீதம். பண்ணைக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

நியூயார்க்கிலிருந்து வந்த மருத்துவக் குழு 1976 நவம்பரில் சுமார் 1,000 பேரைப் பரிசோதித்தது. ஒப்பிடுவதற்கு அவர்கள் மாநிலத்தைவிட்டே வெளியே போய், விஸ்கான்சின் பால்பண்ணைக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே தொழில், ஒத்த வாழ்க்கை, ஆனால் வேறு தீவனம். சரியான முடிவு அது. மிச்சிகன்காரர்களிடம் சோர்வு, மறதி, மூட்டு வலி, தோல் தொல்லை கூடுதலாக இருந்தன. ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை: ரத்தத்தில் பி.பி.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கு அறிகுறியும் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை.

இதை வைத்து அறிகுறிகள் எல்லாம் மனக்கவலை என்று ஒரு தரப்பு சொன்னது. மந்தையை இழந்து, கடனில் மூழ்கி, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று தூங்காமல் இருக்கிறவருக்குச் சோர்வும் மறதியும் வரத்தான் செய்யும். அதை மறுக்க முடியாது. ஆனால் 1976இல் எடுத்த ரத்த அளவு 1973இன் உச்ச அளவைச் சொல்லாது. இரண்டு குழந்தைக்குப் பாலூட்டிய தாயின் ரத்தத்தில் குறைவாக இருப்பது அவள் குறைவாகச் சாப்பிட்டதால் அல்ல. அவளிடமிருந்து அது குழந்தைக்கு இறங்கிவிட்டது. மெலிந்தவர், பருத்தவர், உடல்நிலை சரியில்லை என்பதாலேயே பரிசோதனைக்கு முன்வந்தவர் எல்லோரையும் ஒரே கோட்டில் வைத்து அளவையும் அறிகுறியையும் பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் கிடைக்கும்.

பதிவேடும் அதன் பலனும்

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே எடுத்த ஒரு முடிவு மட்டும் காலத்தைத் தாண்டி நின்றது. 1976-77 வாக்கில் மாநிலச் சுகாதாரத் துறை, கூட்டரசு அமைப்புகளின் உதவியோடு, சுமார் 4,000 பேரைப் பதிவு செய்து அவர்களின் ரத்தத்தை அளந்து வைத்தது. பண்ணைக் குடும்பங்கள், அவர்களிடம் பால் இறைச்சி வாங்கியவர்கள், ஆலைத் தொழிலாளிகள் எல்லோரும் அதில் உண்டு. அப்போது அதற்குப் பெரிய கவனிப்பு இல்லை. உடனடியாக எதையும் நிரூபிக்காத ஒரு பட்டியல்தானே.

அந்தப் பட்டியலில் இருந்த பெண்களுக்குப் பிறந்த மகள்கள் வளர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 2000இல் வெளிவந்த ஆய்வில் கேள்வியையே மாற்றினார்கள். பாதிக்கப்பட்டவர், படாதவர் என்று பிரிக்கவில்லை. அப்படிப் பிரிக்க ஆளில்லை என்பது தெரிந்ததுதான். தாயின் ரத்தத்தில் முன்பு அளந்த எண்ணை எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறையும் என்ற கணக்கைப் பின்னோக்கி ஓட்டி, மகள் வயிற்றில் இருந்தபோது தாயிடம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணித்தார்கள். அப்புறம் அந்த மகள் தாய்ப்பால் குடித்தவளா என்று கேட்டார்கள். இப்படி, எல்லோரும் பாதிக்கப்பட்ட கூட்டத்துக்குள்ளேயே கூடுதல், குறைவு என்று படிகளை உண்டாக்கினார்கள்.

கருவில் பில்லியனில் 7 பங்கும் அதற்கு மேலும் பெற்று, தாய்ப்பாலும் குடித்தவர்கள் சராசரியாக 11.6 வயதில் பருவமடைந்திருந்தார்கள். தாய்ப்பால் குடித்து, ஆனால் கருவில் குறைவாகப் பெற்றவர்கள் 12.2 முதல் 12.6 வயதில். தாய்ப்பால் குடிக்காதவர்கள் 12.7 வயதில். அதிக அளவும் தாய்ப்பாலும் சேர்ந்த இடத்தில்தான் வயது இறங்கியது. பருவமடைதலைப் பல காரணங்கள் முன்னுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அளவு, வழி இரண்டும் சேர்ந்து இப்படிப் படி இறங்குவது தற்செயலாக நடப்பது அரிது.

அந்தத் தீவனத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத தலைமுறை இது. 1974இல் சோர்வையும் மூட்டு வலியையும் தேடியவர்களிடம் போய், இன்னும் பிறக்காத பெண் குழந்தையின் பருவ வயதைக் கவனியுங்கள் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

விலங்குச் சோதனைகள் இதற்கிடையே தம் வழியில் போயின. ஃபயர்மாஸ்டர் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வந்தது என்ற அறிக்கை 1983இல் வந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பின்னாளில் பி.பி.பி.யை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2009இல் ஹெக்சாபுரோமோபைஃபீனைல் (பி.பி.பி.-153 அடங்கிய, ஆறு புரோமின் கொண்ட வகை), எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பதிவேடு காலப்போக்கில் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கைக்குப் போய், இப்போது பேரப் பிள்ளைகள் வரை நீண்டிருக்கிறது. நிகழ்ந்து 40 ஆண்டுக்குப் பிறகு பரிசோதித்தபோதும், பங்கேற்ற மிச்சிகன்காரர்களில் பெரும்பான்மையோரிடம் அமெரிக்காவின் மற்றப் பகுதி மக்களிடம் உள்ளதைவிடத் தெளிவாகக் கூடுதலான பி.பி.பி. இருந்தது.

இன்று நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில் கருவி. இன்று நிறை நிறமாலைக் கருவிகளால் எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமலே தேட முடியும். வசதி இருந்தும் வழக்கமான மாதிரிகளை வழக்கமான பட்டியலுக்குத்தான் ஓட்டுகிறோம். பட்டியலில் இல்லாதது அறிக்கையில் வராது. காரணம் தெரியாத கால்நடைச் சாவு என்று ஒரு மாதிரி வந்தால், பட்டியல் முடிந்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தாமல் விடுவது எழுதிவைத்த நடைமுறையாக இருக்க வேண்டும். யாரோ சாப்பிடப் போனதை நம்பி இருக்க முடியாது. அறிக்கையிலும் 'எதுவும் இல்லை' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, 'இன்னின்னதைத் தேடினோம், அவை இல்லை' என்று எழுதலாம். 1973இல் அந்த ஒரு வரி இருந்திருந்தால் பண்ணையாளர் அடுத்த ஆய்வகத்திடம் வேறு கேள்வி கேட்டிருப்பார்.

இரண்டாவது, விலங்கு முதலில் காட்டும் என்பதைக் கணக்கில் எடுப்பது. ஜப்பானில் 1968 தொடக்கத்தில் தவிட்டு எண்ணெய் ஆலையின் துணைப்பொருள் சேர்த்த தீவனத்தைத் தின்ற கோழிகள் லட்சக்கணக்கில் செத்தன. அதே ஆலையின் சமையல் எண்ணெயில் பி.சி.பி. (பி.பி.பி.யைப் போன்றதே, புரோமினுக்குப் பதில் குளோரின்) கலந்திருந்ததும், அதைச் சாப்பிட்டவர்களுக்கு யூஷோ என்ற நச்சு நோய் வந்ததும் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வெளியே தெரிந்தது. 1999இல் பெல்ஜியத்தில் தீவனத்தில் பி.சி.பி. கலந்தபோதும் முதலில் நோயுற்றவை கோழிகளே. ஆனாலும் கால்நடைத் துறையின் கோப்பும் சுகாதாரத் துறையின் கோப்பும் வேறு வேறு கட்டிடங்களில் இருக்கின்றன.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். சந்தேகம் எழுந்த அன்றே, ரசாயனத்தின் பெயர் தெரியாவிட்டாலும், ரத்தமும் பாலும் எடுத்து உறைநிலையில் வைத்துவிட வேண்டும். பாதிக்கப்பட்ட பண்ணையில் மட்டும் எடுத்தால் போதாது; தொலைவில், வேறு ஆலையின் தீவனம் வாங்கும் பண்ணைகளிலும் எடுக்க வேண்டும். 1973 அக்டோபரில் மிச்சிகனில் நூறு பேரின் ரத்தத்தை எடுத்து வைத்திருந்தால், 1974 ஆய்வுக்கு ஒப்பிட ஆள் கிடைத்திருப்பார்கள். உச்ச அளவைப் பின்னோக்கிக் கணித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, குழாயைத் திறந்து அளந்துவிடலாம். செலவு ஓர் உறைபெட்டியும் கொஞ்சம் மின்சாரமும். தடை எப்போதும் அனுமதிதான்: எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எதற்காக மாதிரி எடுக்கிறீர்கள் என்று நெறிமுறைக் குழு கேட்கும். அதற்கான பதிலை நிகழ்வு வருவதற்கு முன்பே எழுதி, ஒப்புதல் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுச் சங்கிலியில் நுழையும் பொருளையும் நுழையக் கூடாத பொருளையும் ஒரே கூரையின் கீழ் தயாரிக்கும் ஆலைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அச்சிட்ட பை தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று தணிக்கைக்குப் போகிறவர் கேட்க வேண்டும். வெறும் பையில் எழுதி அனுப்புவோம் என்று பதில் வந்தால் அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லலாம்.